எந்த வாசலில் நீதி கேட்பது? போபால் வழக்கும் எல்லை கடந்த நியாயாதிக்கமும்

கோட்டுக்குப் போக நினைக்கும் மனிதர் முதலில் கேட்கும் கேள்வி, "என் பக்கம் நியாயம் இருக்கா?" என்பதுதான். அனுபவமுள்ள சட்டத்தரணி அதற்கு முன்பே இன்னொன்றைக் கேட்பார்: "இதை எந்தக் கோட்டில போடலாம்?" முதலாவது நீதியைப் பற்றிய கேள்வி, இரண்டாவது வெறும் நடைமுறை என்றுதான் எங்களில் பலரும் எண்ணுகிறோம். அந்த எண்ணத்தைச் சற்று அசைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எந்த வாசலில் போய்க் கேட்கிறோம் என்பதிலேயே என்ன கிடைக்கும் என்பதின் பெரும்பகுதி முடிவாகி விடுகிறது. அந்த வாசல் நாட்டின் எல்லைக்கு அப்பால் இருந்தால் இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

நியாயாதிக்கம் என்பது

ஒரு வழக்கை விசாரித்துத் தீர்ப்பளிக்க ஒரு நீதிமன்றத்துக்கு உள்ள அதிகாரத்தை நியாயாதிக்கம் என்கிறோம். எங்கட நாட்டில் குடியியல் வழக்குகளுக்கு இதை வரையறுப்பது 1889ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை. அதன் 9ஆம் பிரிவு நான்கு இடங்களைச் சொல்கிறது: எதிராளி வசிக்கும் இடம், பிணக்குக்குரிய காணி இருக்கும் இடம், வழக்குக்கான காரணம் எழுந்த இடம், ஒப்பந்தம் செய்யப்பட்ட இடம். இவற்றில் ஏதேனும் ஒன்று தன் எல்லைக்குள் வரும் நீதிமன்றத்தில் வழக்கிடலாம்.

எமது வாசகர்களுக்கு இன்னும் பழக்கமான உதாரணம் காதி நீதிமன்றம். தலாக் சொல்ல விரும்பும் கணவன், மனைவி வசிக்கும் பிரதேசத்தின் காதிக்கே தன் எண்ணத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். வெறும் முகவரி விதி போல் தெரியும் இதற்குள் ஒரு நியாயம் இருக்கிறது. பாதிப்புக்கு ஆளாகக்கூடியவர் அலையக்கூடாது, அவர் வாழும் இடத்துக்கே விசாரணை வரட்டும் என்று ஒரு சட்டம் நினைத்தால் இப்படித்தான் எழுதும். ஆக, 'எந்த ஊர்க் கோடு' என்ற கேள்விக்குள் 'யார் அலைய வேண்டும், யார் செலவழிக்க வேண்டும், யாருடைய பாஷையில் பேச வேண்டும்' என்ற கேள்விகள் எல்லாம் ஒளிந்திருக்கின்றன.

ஒரே நாட்டுக்குள் இந்தக் கேள்வி தவறாகப் போனாலும் பெரிய சேதமில்லை. வழக்கு ஒரு மாவட்டத்திலிருந்து இன்னொரு மாவட்டத்துக்கு மாறும், சட்டம் மாறாது. நாடு கடந்தால் சட்டமே மாறுகிறது. சாட்சியம் திரட்டும் முறை, நீதிமன்றக் கட்டணம், சட்டத்தரணிக்குக் கூலி கொடுக்கும் முறை, நட்டஈட்டின் அளவு எல்லாமே மாறுகின்றன. இதை உலகமே பார்த்துக்கொண்டிருக்கக் காட்டித்தந்த வழக்கு போபால்.

ஓர் இரவு, இரண்டு கொம்பனிகள்

1819 முதல் 1926 வரை நான்கு பேகம்கள் அடுத்தடுத்து ஆண்ட சமஸ்தானமாகவே போபாலை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். 1984 டிசம்பர் 2ஆம் திகதி இரவு அந்தப் பெயருக்கு வேறொரு பொருள் வந்து சேர்ந்தது. நகரின் வடபுறத்தில் இருந்த பூச்சிகொல்லித் தொழிற்சாலையின் தாங்கி ஒன்றிலிருந்து ஏறத்தாழ 40 தொன் மெதில் ஐசோசயனேற்று நச்சுவாயு வெளியேறியது. சுவருக்கு அப்பாலிருந்த ஜே.பி. நகர், காஜி கேம்ப் போன்ற ஏழைக் குடியிருப்புகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் கண்ணும் நெஞ்சும் எரிய எழுந்தோடினார்கள். ஓடியவர்கள் பலர் ஓடிய வழியிலேயே விழுந்தார்கள். இறப்புக்காக நட்டஈடு வழங்கப்பட்ட கோரிக்கைகள் மட்டும் 5,295 என்று இந்திய அரசு பிற்காலத்தில் கணக்குக் காட்டியது. உண்மையான தொகை அதைவிட மிக அதிகம் என்பது பாதிக்கப்பட்டோர் அமைப்புகளின் நிலைப்பாடு.

தொழிற்சாலை யாருடையது? இங்கேதான் சட்டச் சிக்கல் ஆரம்பிக்கிறது. அதை நடத்தியது 'யூனியன் கார்பைட் இந்தியா லிமிடெட்' என்ற இந்தியக் கொம்பனி. அதன் பங்குகளில் 50.9 சதவீதம் ஐக்கிய அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் தலைமையகம் கொண்டிருந்த 'யூனியன் கார்பைட் கோர்ப்பரேஷன்' என்ற தாய்க் கொம்பனிக்குச் சொந்தம். மீதியில் ஒரு பங்கு இந்திய அரசின் நிதி நிறுவனங்களிடமும் மற்றது தனியாரிடமும் இருந்தன. பிள்ளைக் கொம்பனியின் சொத்தை முழுவதும் விற்றாலும் இத்தனை உயிர்களுக்கு ஈடு கட்ட முடியாது. பணம் தாயிடம் இருக்கிறது, தாய் கடலுக்கு அப்பால் இருக்கிறாள். எனவே வழக்கும் கடலைத் தாண்டியது.

விபத்து நடந்து சில நாட்களுக்குள், டிசம்பர் 7ஆம் திகதியே அமெரிக்க நீதிமன்றமொன்றில் முதல் வழக்கு பதிவாகிவிட்டது. அமெரிக்கச் சட்டத்தரணிகள் போபாலுக்கே பறந்து வந்து கையொப்பங்கள் வாங்கினார்கள். வெவ்வேறு மாநிலங்களில் தாக்கலான சுமார் 145 வழக்குகள் நியூயோர்க்கில் நீதிபதி ஜோன் கீனன் முன்னிலையில் ஒன்றுசேர்க்கப்பட்டன. இதற்கிடையில் 1985 மார்ச்சில் இந்தியப் பாராளுமன்றம் ஒரு விசேட சட்டத்தை நிறைவேற்றியது. பாதிக்கப்பட்ட அனைவரின் சார்பிலும் வழக்காடும் தனி உரிமையை அது அரசுக்குக் கொடுத்தது. பாதுகாவலர் பிள்ளைக்காகப் பேசுவதைப் போல, அரசு மக்களுக்காகப் பேசும் என்பது அதன் கருத்து. அந்த உரிமையோடு 1985 ஏப்ரல் 8ஆம் திகதி இந்திய அரசு நியூயோர்க் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது.

தலைகீழான வாதங்கள்

"சொந்த நாட்டில் கோடு இல்லாமலா இந்தியா நியூயோர்க்குக்குப் போனது?" என்று எவரும் கேட்கலாம். கொம்பனியும் அதையேதான் கேட்டது. நடந்தது இந்தியாவில், செத்தது இந்தியர்கள், சாட்சிகள் இந்தியர்கள், ஆவணங்களும் இந்தியாவில். ஆகவே வழக்கை இந்தியாவுக்கே அனுப்புங்கள் என்று அது மனுக் கொடுத்தது.

இதற்கு இந்திய அரசு சொன்ன பதில்தான் வரலாற்றில் நின்றுவிட்டது. இப்படிப்பட்ட ஒரு வழக்கைத் தாங்கும் நிலையில் தன் நீதிமன்றங்கள் இல்லை என்று ஒரு சுதந்திர நாட்டின் அரசு அந்நிய மன்றத்தில் எழுதிக் கொடுத்தது. இந்தியச் சட்டத்தை நீண்டகாலம் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் மார்க் கலன்டர் அதற்கு ஆதரவாகச் சத்தியக்கடதாசி தந்தார். வழக்குகள் வருடக்கணக்கில் இழுபடுகின்றன, சனத்தொகைக்கு ஏற்ற நீதிபதிகள் இல்லை, பெருந்தொழில் விபத்துகளில் தேர்ந்த சட்டத்தரணிகள் இல்லை, தீங்கியல் சட்டம் அங்கு வளரவே இல்லை, எதிர்த்தரப்பின் ஆவணங்களைக் கேட்டு வாங்கும் முறை பலவீனமானது என்று அவர் அடுக்கினார்.

கொம்பனியின் பக்கம் நின்றவர் யார் தெரியுமா? இந்தியாவின் மிகப் புகழ்பெற்ற அரசியலமைப்புச் சட்டத்தரணிகளில் ஒருவரான நானி பால்கிவாலா. இந்திய நீதித்துறை திறமையானது, இந்த வழக்கை நடத்தத் தகுதி வாய்ந்தது என்று அவர் சத்தியக்கடதாசி கொடுத்தார். இந்திய அரசு தன் கோடுகளைக் குறை சொல்லிற்று, அமெரிக்கக் கொம்பனி அவற்றைப் புகழ்ந்தது.

இரு தரப்பும் அபிமானத்தால் பேசவில்லை. அமெரிக்க நடைமுறையில் கொம்பனியின் உள் ஆவணங்களை விசாரணைக்கு முன்பே கேட்டுப் பெறலாம். வென்றால் மட்டும் கூலி வாங்கும் சட்டத்தரணிகள் உண்டு. குடியியல் வழக்குகளிலும் ஜூரிமார் நட்டஈட்டைத் தீர்மானிக்கலாம், அந்தத் தொகை கொம்பனியையே கவிழ்க்கும் அளவுக்குப் போகலாம். இந்தியாவில் இவை எதுவும் அப்படி இருக்கவில்லை. வழக்காளி எந்த வாசலை விரும்பினார், எதிராளி எந்த வாசலை விரும்பினார் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வசதியா, பொருத்தமா?

இங்கே ஒரு சொல்லைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். கொம்பனி கையில் எடுத்த சட்டக் கோட்பாட்டின் பெயர் 'ஃபோரம் நொன் கொன்வீனியன்ஸ்'. இலத்தீன் மொழித் தொடர். நியாயாதிக்கம் தனக்கு இருந்தும், வேறொரு நாட்டு நீதிமன்றமே இந்த வழக்குக்கு ஏற்றது என்று கருதினால், நீதிபதி தன் அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் விடலாம் என்பது அதன் சாரம். "கதவைத் திறக்க முடியும், ஆனால் நீங்கள் தட்ட வேண்டிய கதவு இதுவல்ல" என்று சொல்வதைப் போல.

'ஃபோரம்' என்பது உரோமாபுரியில் மக்கள் கூடிய திறந்த வெளி. சந்தையும் பேச்சும் வழக்கும் அங்கேதான். எங்கட 'மன்றம்' என்ற சொல்லும் அப்படித்தான் பிறந்தது. ஊர் நடுவே மரத்தடியில் எல்லாரும் கூடிய பொதுவெளியே மன்று. இரண்டு மொழிகளிலும் நீதி சொல்லும் இடத்துக்கு, ஊரார் கண்முன் திறந்து கிடக்கும் வெளியின் பெயரே வந்திருப்பது தற்செயலாக இருக்கலாம், ஆனால் பொருத்தமான தற்செயல்.

சிக்கல் மற்றச் சொல்லில் இருக்கிறது. 'கொன்வீனியன்ஸ்' என்றதும் ஆங்கிலம் படித்தவர்களுக்கு 'வசதி' என்ற பொருள்தான் தோன்றும். தமிழிலும் 'வசதியற்ற மன்றம்' என்றே மொழிபெயர்க்கத் தூண்டும். இலத்தீனில் அதன் பொருள் 'பொருந்துவது', 'இசைவது'. 1986ஆம் ஆண்டு பிரித்தானியப் பிரபுக்கள் சபை தீர்த்த 'ஸ்பிலியாடா' வழக்கில் கோஃப் பிரபு இந்த எச்சரிக்கையைத் தெளிவாகவே சொன்னார்: கேள்வி வசதியைப் பற்றியதல்ல, வழக்கை எங்கே விசாரித்தால் நீதிக்குப் பொருத்தமாக இருக்கும் என்பதைப் பற்றியது. எனவே தமிழில் 'பொருத்தமில்லா மன்றம்' என்பதே சரி. வசதி என்று மொழிபெயர்த்தால், சாட்சிகளை விமானத்தில் ஏற்றும் செலவோடு கணக்கு முடிந்துவிடும். பொருத்தம் என்று மொழிபெயர்த்தால், "யாருக்குப் பொருத்தம்?" என்று அடுத்த கேள்வி தானாக வரும்.

அமெரிக்க நீதிமன்றங்கள் இதில் வேறொரு வழியில் போயின. 1981ஆம் ஆண்டு 'பைபர்' வழக்கில் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் இரண்டு விடயங்களை நிறுவிற்று. வெளிநாட்டு வழக்காளி அமெரிக்காவைத் தெரிவுசெய்தால் அந்தத் தெரிவுக்கு உள்நாட்டவரின் தெரிவுக்குள்ள மதிப்பு இல்லை. மற்ற நாட்டின் சட்டம் வழக்காளிக்குப் பாதகமானது என்பதும் பொதுவாக ஒரு பெரிய காரணமல்ல. ஸ்கொட்லாந்தில் விழுந்த சிறு விமானமொன்றைப் பற்றிய அந்தத் தீர்ப்பு, ஐந்து வருடங்களுக்குள் போபாலின் தலையில் வந்து விழுந்தது.

வாசல் சாத்தப்படுகிறது

1986 மே 12ஆம் திகதி நீதிபதி கீனன் வழக்கை இந்தியாவுக்கு அனுப்பினார். சாட்சியும் ஆவணமும் பாதிக்கப்பட்டோரும் அங்கே இருப்பது ஒரு காரணம். தொழிற்சாலையை ஒழுங்குபடுத்தியது இந்திய அரசு, அதில் அந்நாட்டுக்கே கூடிய அக்கறை என்பது இன்னொரு காரணம். மூன்றாவதாக அவர் சொன்னது உணர்ச்சியைத் தொடுவது: இந்திய நீதித்துறை உலகின் முன் நிமிர்ந்து நிற்கும் வாய்ப்பைத் தட்டிப் பறிப்பது இன்னொரு ஏகாதிபத்தியமாகிவிடும் என்ற பொருள்பட எழுதினார். கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் மரியாதை என்ற பெயரில் கதவைச் சாத்தவும் முடியும் என்பதை அந்தத் தீர்ப்பு காட்டிற்று.

அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை, மூன்று நிபந்தனைகள் விதித்தார். கொம்பனி இந்திய நீதிமன்றத்தின் நியாயாதிக்கத்தை ஏற்க வேண்டும், காலாவதி என்று வாதாடக்கூடாது. முறையான விசாரணையின் பின் இந்திய நீதிமன்றம் அளிக்கும் தீர்ப்பை நிறைவேற்றச் சம்மதிக்க வேண்டும். அமெரிக்க விதிகளின்படி தன் ஆவணங்களைத் திறந்துகாட்ட வேண்டும்.

1987 ஜனவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றம் முதல் நிபந்தனையை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் நீக்கியது. வெளிநாட்டுத் தீர்ப்பை நிறைவேற்ற நியூயோர்க்கில் ஏற்கெனவே சட்டம் இருப்பதால் தனிச் சம்மதம் தேவையில்லை என்றது. ஆவணங்களைத் திறப்பது என்றால் இருதரப்பும் திறக்க வேண்டும், ஒருதரப்பை மட்டும் கட்டுப்படுத்துவது நியாயமல்ல என்றது. சட்டப்படி பார்த்தால் இரண்டுக்கும் காரணம் உண்டு. விளைவைப் பார்த்தால், நாடு கடந்து போன வழக்கு தன் சாமான்களில் பாதியை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வீடு திரும்பியது.

வீட்டில் நடந்தது

இந்திய நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 1986 டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் (எங்கட நாட்டு வழக்கில் உயர் நீதிமன்றம் என்போமே, அதற்கு இணையானது) டில்லியில் நடந்த வேறொரு வாயுக்கசிவு வழக்கில் ஒரு புதிய கொள்கையை வகுத்தது. ஆபத்தான தொழில் நடத்தும் நிறுவனம், தன் பிழை இருந்தாலும் இல்லாவிட்டாலும், நட்டத்துக்கு முழுப் பொறுப்பு. தீங்கியல் சட்டம் வளரவில்லை என்று சொல்லப்பட்ட நாட்டில், அமெரிக்காவும் பிரித்தானியாவும் அதுவரை போகாத தூரத்துக்கு அது போனது.

1987 டிசம்பர் 17ஆம் திகதி போபால் மாவட்ட நீதிபதி தேவ், இறுதித் தீர்ப்புக்குக் காத்திராமல் இடைக்கால நிவாரணமாக 350 கோடி ரூபா கொடுக்கும்படி கட்டளையிட்டார். மத்தியப் பிரதேசத்தின் மேல் நீதிமன்றம் 1988 ஏப்ரலில் அதை 250 கோடியாகக் குறைத்தது. கொம்பனி அதையும் எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது. அங்கே, இடைக்கால நிவாரணம் பற்றிய அந்த மேன்முறையீட்டின் நடுவில், 1989 பெப்ரவரி 14ஆம் திகதி முழு வழக்கும் இணக்கத்தில் முடிக்கப்பட்டது. தொகை 470 மில்லியன் டொலர். இந்திய அரசு கேட்டிருந்தது 3 பில்லியனுக்கும் மேல். பாதிக்கப்பட்டவர்களிடம் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்களுக்காகப் பேசும் உரிமையை 1985ஆம் ஆண்டுச் சட்டம் அரசிடம் கொடுத்திருந்தது.

இறுதியில் நட்டஈடு பெறத் தகுதியானோர் என்று ஏற்கப்பட்டவர்கள் 5 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேல். வட்டியும் நாணயமாற்று இலாபமும் சேர்க்காமல், இணக்கத் தொகையை இந்த எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். தலைக்கு ஏறத்தாழ 820 டொலர் வரும். இறந்தவருக்கு அதிகமும் இலேசாகப் பாதிக்கப்பட்டவருக்குக் குறைவுமாகவே அது பங்கிடப்பட்டது. ஆனாலும் அந்தச் சராசரி சொல்ல வேண்டியதைச் சொல்கிறது. தொகை போதாது என்று இந்திய அரசே பின்னர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அந்த மனு 2023 மார்ச் 14ஆம் திகதி தள்ளுபடியானது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. நியூயோர்க்கிலும் சரி, போபாலிலும் சரி, அந்த இரவுக்குத் தாய்க் கொம்பனி பொறுப்பா இல்லையா என்ற குடியியல் கேள்வி விசாரணை செய்து தீர்க்கப்படவே இல்லை. ஊழியர் ஒருவரின் நாசவேலை என்று கொம்பனி சொன்னது. வடிவமைப்பும் பராமரிப்பும் பிழை என்று மக்கள் சொன்னார்கள். இரண்டையும் சாட்சிக் கூண்டில் ஏற்றி நிறுத்துப் பார்த்து ஒரு நீதிமன்றம் முடிவு சொல்லவில்லை. 'எங்கே?' என்ற கேள்வி, 'யார்?' என்ற கேள்வியை விழுங்கிவிட்டது.

அறிஞர்கள் கண்டது

சட்ட ஆய்வாளர்களுக்குப் போபால் ஒரு திருப்புமுனை. இந்தியச் சட்ட அறிஞர் உபேந்திர பக்ஷி வழக்கின் ஆவணங்களைத் தொகுத்து 1986இல் வெளியிட்ட நூலின் தலைப்பே ஒரு விமர்சனம். 'வசதியற்ற மன்றமும் வசதியான பேரழிவும்' என்று அதைத் தமிழாக்கலாம். மன்றம் யாருக்கு வசதியற்றது, பேரழிவு யாருக்கு வசதியானது என்று அந்தச் சொல்விளையாட்டு கேட்கிறது.

அடுத்த வருடம் அமெரிக்கப் பேராசிரியர் டேவிட் ராபர்ட்சன் வேறு வழியில் அணுகினார். 'பொருத்தமில்லா மன்றம்' என்று அமெரிக்க நீதிமன்றங்கள் திருப்பியனுப்பிய வழக்குகளுக்குப் பின்னர் என்ன நடந்தது என்று சம்பந்தப்பட்ட சட்டத்தரணிகளிடமே விசாரித்தார். அவருக்குத் தகவல் கிடைத்த வழக்குகளில் வெளிநாட்டு நீதிமன்றத்தில் விசாரணை வரை போனவை 4 சதவீதத்துக்கும் குறைவு. பெரும்பாலானவை கைவிடப்பட்டன, அல்லது அற்ப தொகைக்கு முடிக்கப்பட்டன. "இன்னோர் இடத்தில் வழக்காடுங்கள்" என்ற கட்டளை நடைமுறையில் "வழக்காட வேண்டாம்" என்ற கட்டளையாகவே இருந்திருக்கிறது.

கலன்டர் சொன்னது சரியா, பால்கிவாலா சொன்னது சரியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். கலன்டரின் பட்டியலில் இருந்த தாமதமும் வளக்குறைவும் உண்மையே என்று பின்னைய வருடங்கள் காட்டின. டில்லித் தீர்ப்பைப் பார்க்கும்போது, சட்டத்தை வளர்க்கும் திறன் இந்திய நீதிபதிகளிடம் இருந்தது என்ற பால்கிவாலாவின் பக்கமும் பொய்யல்ல. இருவரும் பேசியது வெவ்வேறு விடயங்களை. நல்ல நீதிபதி இருப்பது ஒன்று. ஐந்து லட்சம் ஏழைகள் ஒரு பெரிய கொம்பனியோடு சமமாக நின்று வழக்காடத் தேவையான நடைமுறை இருப்பது இன்னொன்று.

வேறு நாடுகள் போன வழி

இந்தப் பாடத்தை வேறு சில நீதிமன்றங்கள் எடுத்துக்கொண்டன. தென்னாபிரிக்காவின் அஸ்பெஸ்டஸ் சுரங்கங்களால் நோயுற்ற 3,000க்கும் அதிகமானோர் 'கேப்' என்ற பிரித்தானியத் தாய்க் கொம்பனிக்கு எதிராக இங்கிலாந்தில் வழக்கிட்டார்கள். 2000 ஜூலையில் பிரபுக்கள் சபை அவர்களுக்குக் கதவைத் திறந்தது. பொருத்தமான இடம் தென்னாபிரிக்காதான் என்றாலும், அங்கே இந்த ஏழைகளுக்குச் சட்டத்தரணி அமர்த்த வழியில்லை என்றால் அனுப்பிவைப்பது நீதியை மறுப்பதாகும் என்பது தீர்ப்பின் சாரம். ஸ்பிலியாடா வழக்கு வகுத்த சோதனையின் இரண்டாம் படி இது. முதலில் பொருத்தமான இடத்தைத் தேடு, பின்னர் அங்கே மெய்யாகவே நீதி கிடைக்குமா என்று பார்.

2005இல் 'ஒவுசு' வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் இன்னும் கறாராகச் சொன்னது. எதிராளி ஐரோப்பிய ஒன்றியத்து உறுப்பு நாடொன்றில் நிலைகொண்டவர் என்றால், அந்த நாட்டுக் கோடு "எனக்குப் பொருத்தமில்லை" என்று வெளிநாட்டுக்குத் தள்ள முடியாது. 2019 ஏப்ரலில் ஐக்கிய இராச்சியத்தின் அதியுயர் நீதிமன்றம், 'வேதாந்தா' வழக்கில், சாம்பியாவின் செப்புச் சுரங்கமொன்றால் தண்ணீரும் மண்ணும் நஞ்சானதாக முறையிட்ட 1,826 கிராமத்தவர்களுக்கு லண்டனில் வழக்காட அனுமதித்தது. அங்கும் தீர்மானித்தது அதே கேள்விதான்: சொந்த ஊரில் இவர்களுக்குப் பணமும் அனுபவமுள்ள சட்டத்தரணியும் கிடைப்பார்களா?

எங்கட கடலில்

இதெல்லாம் யாரோ ஒருவருடைய கதை என்று எண்ண முடியாதபடி, 2021 மே 20ஆம் திகதி கொழும்புக்கு அப்பாலான கடலில் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பல் தீப்பிடித்தது. சிங்கப்பூர்க் கொடி பறந்த கப்பல், 1,486 கொள்கலன்கள், நைத்திரிக் அமிலம், கணக்கற்ற பிளாஸ்டிக் மணிகள். நீர்கொழும்பிலிருந்து தெற்கே பல கரைகளில் மீனவர்கள் வலையைச் சுருட்டி வைத்துவிட்டு உட்கார்ந்தார்கள்.

உடனே வந்தது அதே பழைய கேள்வி: எந்த வாசல்? கப்பலுக்குரியோர் லண்டன் நீதிமன்றத்தில் தங்கள் பொறுப்பை 19 மில்லியன் பவுணுக்குள் மட்டுப்படுத்திக்கொண்டார்கள். கடற்சட்டத்தில் கப்பலின் அளவுக்கேற்ப இப்படி ஒரு எல்லை கேட்க இடமுண்டு. இலங்கை அரசு 2023இல் சிங்கப்பூரில் வழக்குத் தொடர்ந்தது. சுற்றாடல் அமைப்புகளும் மீனவர்களும் பேராயரும் எங்கட உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுக்கள் தாக்கல் செய்தார்கள். 2025 ஜூலை 24ஆம் திகதி அந்த நீதிமன்றம் 1 பில்லியன் டொலர் செலுத்தும்படி கட்டளையிட்டது. கொம்பனி செலுத்த மறுப்பதாகப் பகிரங்கமாகச் சொன்னது.

ஒரே கப்பல், மூன்று நாட்டு நீதிமன்றங்கள், இரண்டு தொகைகள், இரண்டுக்கும் நடுவே மலைக்கும் மடுவுக்குமான தூரம். கடலில் கொட்டிய நஞ்சு ஒன்றுதான், அதன் விலை வாசலுக்கு வாசல் மாறுகிறது. எங்கட நீதிமன்றத்தின் கட்டளை எங்கட எல்லையோடு நின்றுவிடும். அதற்கு அப்பால் சொத்து வைத்திருப்பவரிடம் அதை அறவிட, அந்த நாட்டு நீதிமன்றத்தின் அங்கீகாரம் வேண்டும். அந்த நீதிமன்றம் முதலில் பார்ப்பது, தீர்ப்பளித்த மன்றத்துக்கு எதிராளி மீது நியாயாதிக்கம் இருந்ததா, அவருக்கு முறையாகச் சொல்ல வாய்ப்புக் கிடைத்ததா என்பதைத்தான். வந்த வழியே திரும்பி, கட்டுரையின் முதல் கேள்விக்கே வந்து சேர்கிறோம்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

போபாலைப் படித்துவிட்டு "பணக்கார நாட்டுக் கோடே நல்ல கோடு" என்ற முடிவுக்கு வருவது அவசரம். அங்கேதான் கதவு சாத்தப்பட்டது. "சொந்தக் கோடே போதும்" என்பதும் அவசரம். அங்கேதான் மக்களைக் கேட்காமல் கதை முடிக்கப்பட்டது.

ஒரு நாட்டின் நீதிமன்ற மரியாதை அதன் கட்டடத்திலோ நீதிபதியின் அங்கியிலோ இல்லை. எதிர்த்தரப்பின் ஆவணத்தை வெளியே எடுக்க விதி இருக்கிறதா, ஏழைக்குச் சட்டத்தரணி கிடைப்பாரா, பல்லாயிரம் பேர் சேர்ந்து ஒரே வழக்காகக் கேட்க முடியுமா, வழக்காளியின் ஆயுளுக்குள் தீர்ப்பு வருமா, வந்த தீர்ப்பு எல்லை கடந்து செல்லுமா என்பவற்றில் இருக்கிறது. சட்டக்கோவையின் வரட்டுப் பிரிவுகள் என்று நாம் தள்ளிவைக்கும் இந்த நடைமுறை விடயங்களைச் சீர்செய்யாத அரசு, ஒரு நாள் அந்நிய மன்றத்தில் போய் "எங்கட கோடு சரியில்லை" என்று எழுதிக் கொடுக்க நேரும். இந்தியாவுக்கு அது நேர்ந்தது.

குடியியல் நடவடிக்கைமுறை சட்டத்தரணிகளின் தனிச்சொத்து என்று எண்ணி நாம் விலகி நிற்கிறோம். தொழிற்சாலைக்கு அருகே வசிப்பவர், கடலை நம்பி வாழ்பவர், வெளிநாட்டு முதலாளியிடம் சம்பளம் வாங்குபவர் எல்லோருக்கும் அது சோற்றுப் பிரச்சினை. ஜே.பி. நகரில் அன்று தூங்கிக்கொண்டிருந்த எவருக்கும் 'நியாயாதிக்கம்' என்ற சொல் தெரிந்திருக்க நியாயமில்லை. அவர்களுடைய உயிருக்கு என்ன விலை என்பதை அந்தச் சொல்லே தீர்மானித்தது.